இப்ப இடது பக்கம் திரும்பும், கண்ணு

ஆபரேசனுக்கு தேதி குடுத்த அன்னைக்கு சாயங்காலம் கன்னங்குறிச்சில எங்க வீட்டு வாசப்படில உக்காந்து எதிர்ல இருக்கற சேர்வராயன் மலையவே பாத்துட்டு இருந்தேன். இன்னும் 16 நாள் இருந்துச்சு. கைல டீ ஆறிப்போய் ஆடை கட்டிருச்சு. பொண்ணு வந்து என்னம்மான்னு கேட்டா, ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். உள்ளங்கை ரெண்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு, ஆனா முதுகு பூரா வேர்வை. பயம்னா அழுகை வரும்னு நெனச்சிருந்தேன், அழுகை வரல, அவளோட ஸ்கூல் யூனிபார்ம் எத்தனை செட் இருக்கு, எதுக்கு பட்டன் தைக்கணும்னு கணக்கு போட்டுட்டு இருந்தேன். நான் இல்லாட்டி யாரு தைப்பாங்கன்னு ஓடுச்சு மனசு.

2023 ஆடி மாசம் எனக்கு ஓப்பன் ஹார்ட் சர்ஜரி நடந்துச்சு. இதயத்துல இருக்கற மைட்ரல்ங்கற வால்வ மாத்தினாங்க. அப்ப எனக்கு 42 வயசு. ஆபரேசன் பத்தி நிறைய பேரு எழுதிட்டாங்க, நான் எழுத நெனக்கறது அதுக்கு முன்னாடி இருந்த அந்த 16 நாள பத்தி. ஏன்னா எனக்கு ஆபரேசன விட அந்த நாளுங்கதான் கஷ்டமா இருந்துச்சு.

இது எங்கிருந்து வந்துச்சுன்னு மொதல்ல சொல்லணும். நான் பொறந்து வளந்தது ஏற்காட்டுல, நாகலூர் பக்கம். அப்பா காப்பி எஸ்டேட்ல மேஸ்திரி. எனக்கு 11 வயசுல தொண்டை வலி வந்து சரியாகி, ரெண்டு மூணு வாரம் கழிச்சு காய்ச்சல் அடிச்சுது, முட்டி வீங்குச்சு, அது சரியானா கணுக்கால் வீங்கும், அப்பறம் மணிக்கட்டு, வலி எடம் மாறிட்டே இருந்துச்சு. மலை மேல எல்லாரும் வாதக் காய்ச்சல்னு சொன்னாங்க. சேலத்துக்கு கூட்டிட்டு வந்து காட்டினதுல டாக்டரும் அதையேதான் சொன்னாரு, ஆனா கூட ஒண்ணு சொன்னாரு, இது மூட்டை சும்மா தொட்டுட்டு போயிரும், இதயத்துல இருக்கற வால்வதான் கடிக்கும், அதனால 21 நாளைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போட்டே ஆகணும், வருசக்கணக்குல போடணும்னு.

அதனால 21 நாளைக்கு ஒருக்கா நானும் அப்பாவும் பஸ்ல கீழ எறங்குவோம். ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, போனவங்களுக்கு தெரியும். எனக்கு மூணாவது வளைவுலயே வாந்தி வந்துரும். ஊசி வேற பயங்கர வலி, இடுப்புல போட்டா ரெண்டு நாளைக்கு உக்கார முடியாது. போறப்ப வாந்தி, போயி ஊசி, வரப்ப மறுபடி வாந்தி. ஒரு தடவ பஸ் ஏறவே மாட்டேன்னு கம்பத்த கட்டிப் புடிச்சுட்டு அழுதிருக்கேன். அன்னைக்கு அப்பா திட்டல. டிரைவருக்கு பின்னாடி சீட்டுல உக்கார வெச்சு, ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் காதுகிட்ட வந்து சொன்னாரு. "இப்ப இடது பக்கம் திரும்பும் கண்ணு, கம்பிய புடிச்சுக்க, தூரமா பாரு. இப்ப நேரா. அடுத்தது வலது பக்கம், பெரிய வளைவு, நிதானமாதான் திருப்புவாரு." அப்படியே அடிவாரம் வரைக்கும். அன்னைக்கு வாந்தி வரல. நெஜமாத்தான் சொல்றேன், அதே ரோடு, அதே பஸ்சு, ஒரு சொட்டு வாந்தி வரல.

ரெண்டு வருசம் போட்டோம். அப்பறம் வலி எதுவும் இல்லைன்னு நிறுத்திட்டோம். கூலி நாள் போகுது, பஸ் காசு, பொண்ணு நல்லாத்தான ஓடியாடுறா. நிறுத்தினது தப்புன்னு இப்ப தெரியுது. யாருக்காவது புள்ளைங்களுக்கு இந்த ஊசி போடச் சொல்லியிருந்தா, வலி போயிருச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் போடுங்க. எனக்கு அதுக்கு பலன் முப்பது வருசம் கழிச்சு வந்துச்சு. மாடி ஏறினா மூச்சு வாங்கும், ராத்திரி படுத்தா இருமல், ரெண்டு தலகாணி வெச்சு சாஞ்சாதான் தூக்கம். எக்கோன்னு இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தப்ப டாக்டர் சொன்னாரு, நல்ல மனுசங்களுக்கு அந்த வால்வு 4 லருந்து 6 சதுர சென்டிமீட்டர் தொறக்கும், உங்களுக்கு 1 கூட தொறக்கல, 0.8 தான்னு. பலூன் வெச்சு விரிக்கலாமான்னு கேட்டோம். சில பேருக்கு செய்யலாமாம், எனக்கு வால்வுல சுண்ணாம்பு படிஞ்சு கல்லு மாதிரி ஆகி லீக்கும் இருந்ததால நெஞ்ச தொறந்துதான் மாத்தணும்னுட்டாங்க.

அப்பறம் ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், ஆப்பிள். எல்லாரும் பாசமா வந்தவங்கதான், எனக்கு யாரு மேலயும் வருத்தம் இல்ல. ஆனா வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "தைரியமா இரு". எப்படி இருக்கறதுன்னு மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியல. அவங்க சொல்றப்ப நான் தலையாட்டணும், சிரிக்கணும், அவங்க மனசு சங்கடப்படாம அனுப்பி வைக்கணும், அவங்க போனதுக்கப்பறம் முன்ன விட தனியா இருக்கற மாதிரி ஆயிரும். பயமா இருக்குன்னு சொன்னா ஒடனே "ச்சே அப்படியெல்லாம் பேசாத"ன்னு வாய மூடிருவாங்க. பயத்த வெளிய சொல்ல விடாம பண்ணிட்டு தைரியமா இருன்னா அது எங்க போகும், உள்ளயே கெடந்து ஊறும். ஒரு பெரியப்பா மட்டும் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்துட்டு, "எனக்கே கேட்டதுலருந்து தூக்கம் வரல சாமி, உனக்கு எப்படி இருக்கும்"னாரு. அன்னைக்குதான் மொத மொதல்ல அழுதேன். அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்.

யூடியூப்ல ஆபரேசன் வீடியோ பாத்தேன், ராத்திரி ஒரு மணிக்கு, போர்வைக்குள்ள. எலும்ப அறுக்கற மிசின் சத்தம் கேட்டதும் போன தூக்கிப் போட்டுட்டேன், ரெண்டு நாள் சோறு எறங்கல. இப்ப யோசிச்சா அதுல என்ன தப்புன்னு புரியுது. அதுல தெரிஞ்சது ஒரு ஒடம்புதான், அந்த ஒடம்புக்குள்ள இருக்கற ஆளுக்கு எதுவும் தெரியாது, அவ தூங்கிட்டு இருக்கா. நான் பாத்தது எனக்கு நடக்கவே போகாத ஒண்ணு, அதாவது முழிச்சிருந்து பாக்கறது.

எங்க மாமியாருக்கு வேற கவலை. ஆடி மாசத்துல போயி ஆபரேசனான்னு. டாக்டர் தள்ளிப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, அதனால கோயில்ல பூவாக்கு, அதான் பூ போட்டு சாமிகிட்ட உத்தரவு கேக்கறது, கேட்டுடலாம்னு கெளம்பினாங்க. நான் அவங்க கையப் புடிச்சு சொன்னேன், "அத்தை, செய்யலாமா வேண்டாமான்னு மட்டும் கேக்காதீங்க. வேற பூ வந்துருச்சுன்னா என்னால அந்த டேபிள்ல ஏறிப் படுக்க முடியாது. வேண்டுதல் வெக்கறதா இருந்தா வெச்சுக்கோங்க." அவங்க என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சரி கண்ணு, ஆத்தாகிட்ட கேள்வி கேக்கல, பொறுப்பு மட்டும் குடுத்துட்டு வரேன்"னாங்க. கோட்டை மாரியம்மனுக்கு வெள்ளில உருவத் தகடு வெக்கறதா வேண்டிக்கிட்டு வந்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறை வேலை. அந்தத் தகட கடைல வாங்காம அவரே செஞ்சாரு. அதிகம் பேசற ஆளு இல்ல அவரு. அந்த வாரம் பூரா ராத்திரி லேட்டா வருவாரு, விரல் நுனியெல்லாம் கறுப்பா இருக்கும், நான் எதுவும் கேக்கல.

மாற ஆரம்பிச்சது சர்ஜன் ரூம்ல. மேஜை டிராயர்லருந்து ஒரு வால்வ எடுத்து என் கைல குடுத்தாரு, காட்டறதுக்குன்னு வெச்சிருக்கற சாம்பிள். பத்து ரூபா காசு அகலம் இருந்துச்சு. உலோக வளையம், சுத்தி வெள்ளைத் துணி, நடுவுல ஒரு தட்டு. விரலால தள்ளினா தட்டு சாஞ்சு தொறக்குது, விட்டா டிக்னு மூடுது. சித்ரா வால்வுன்னாரு. திருவனந்தபுரத்துல ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துல டாக்டர் வலியத்தான் குழு பல வருசம் உழைச்சு செஞ்சதாம், முன்னாடி செஞ்ச மாடலுங்க சோதனையிலயே தோத்துப் போயி கடைசில ஒண்ணு நின்னுச்சாம், 1990 டிசம்பர்ல மொத மொதல்ல ஒரு ஆளுக்கு வெச்சாங்களாம். நான் அத திருப்பித் திருப்பி பாத்துட்டு இருந்தேன். எனக்குள்ள போகப் போற பொருள் என் கைல இருக்கு, அதுக்கு எடை இருக்கு, சத்தம் இருக்கு. அதுவரைக்கும் ராத்திரில எனக்கு வந்த பயத்துக்கு உருவமே இல்ல, கறுப்பா ஏதோ ஒண்ணுதான்.

எங்க வீட்டுக்காரரு அத வாங்கி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு ஒரு கண்ண மூடிட்டு பாத்தாரு, கொலுசு பாக்கற மாதிரியே. அப்பறம் டாக்டர்கிட்ட கேட்டாரு, "சார், தட்ட புடிச்சிருக்கற இந்த சின்னக் கம்பிய பத்த வெச்சு ஒட்டின எடம் தெரியலீங்களே?" டாக்டர் நிமிந்து உக்காந்துட்டாரு. பத்த வெக்கலீங்க, வளையமும் கம்பியும் ஒரே உலோகத் துண்டுல கடைஞ்சு எடுத்தது, தட்டு மட்டும் ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக்னாரு. வெளிநாட்டுல ஒரு வகை வால்வுல வெல்டிங் வெச்ச கம்பி ஒடைஞ்சு ஆளுங்க செத்துப் போயி, 1986ல அத விக்கறதயே நிறுத்தினாங்கன்னும் சொன்னாரு. பயந்துட்டு இருக்கற நோயாளி முன்னாடி இதச் சொல்லணுமான்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கு அதக் கேட்டப்பதான் நம்பிக்கையே வந்துச்சு, கெட்டதயும் மறைக்காம சொல்ற ஆளு நல்லது சொன்னா நம்பலாம்ல. உயிருக்கு ஆபத்து எவ்வளவுன்னும் நானே கேட்டேன். உங்க நெலமைல நூறு பேருக்கு ரெண்டு மூணு பேருன்னாரு. ஆபரேசன் பண்ணாம விட்டா என்ன ஆகும்னும் சொன்னாரு, அத கேட்டதுக்கப்பறம் அந்த ரெண்டு மூணு சின்னதாத்தான் தெரிஞ்சுது.

ஆனா ஒரு பயம் மட்டும் போகல, வெளிய சொல்லவும் கூச்சமா இருந்துச்சு. இதயத்த நிறுத்திடுவாங்கன்னு தெரியும். நின்னு போன அந்த நேரத்துல நான் யாரு? உயிரோட இருக்கனா செத்துட்டனா? அந்த நேரத்துல என்ன யாராவது பாத்துட்டு இருப்பாங்களா, இல்ல எல்லாரும் வால்வதான் பாத்துட்டு இருப்பாங்களா? மயக்க டாக்டர் பாக்க வந்தப்ப கண்ண மூடிட்டு கேட்டுட்டேன். அவரு சிரிக்கல. கதவ சாத்திட்டு வந்து ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

இதயமும் நுரையீரலும் செய்யற வேலைய அந்த நேரத்துல ஒரு மிசின் செய்யும், அந்த மிசின் முன்னாடி ஒரு ஆளு உக்காந்திருப்பாரு, அவருக்கு வேற வேலையே கெடையாது, பெர்ஃப்யூசனிஸ்ட்னு பேரு, ரத்தம் எவ்வளவு போகுது, எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு சூடு, கண்ணு எடுக்க மாட்டாரு, நான் உங்க தலைமாட்டுலயே இருப்பேன், மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் ஓடிட்டேதான் இருக்கும், நிக்கறது இதயத்தோட துடிப்பு மட்டும்தான், உங்க உயிர் நிக்காதுன்னாரு. 1953ல அமெரிக்காவுல கிப்பன்னு ஒரு டாக்டர் 18 வயசு பொண்ணுக்கு மொத மொதல்ல இந்த மாதிரி மிசின் வெச்சு ஆபரேசன் பண்ணி காப்பாத்தினாரு, 26 நிமிசம் அந்தப் பொண்ணு முழுக்க மிசின்ல இருந்தா, நல்லாகி பல வருசம் வாழ்ந்தான்னும் சொன்னாரு. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்த விட்டுத்தான் இதயத்த ஓய்வெடுக்க வெப்பாங்களாம். திரும்ப எப்படி சார் ஓடும்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்னத சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "கிளாம்ப எடுத்து சூடான ரத்தம் திரும்ப உள்ள போனதும் பெரும்பாலும் அதுவேதாம்மா துடிக்க ஆரம்பிக்கும். சில பேருக்கு சின்னதா ஒரு ஷாக் குடுப்போம். அதுக்கு துடிக்கத்தான் தெரியும்."

அதுவே துடிக்கும். அத வெச்சுட்டு நாலு நாள் ஓட்டினேன்.

அட்மிட் ஆகி ஆபரேசனுக்கு மொத நாள் ராத்திரி. மார்ல இருந்து கால் வரைக்கும் முடி எடுத்து, மருந்து சோப்பு போட்டு குளிக்க வெச்சாங்க. பத்து மணிக்கு மேல தண்ணி கூட குடிக்கக் கூடாது. கன்சென்ட் பாரத்துல கையெழுத்து போட்டப்ப என் பேரோட எழுத்தே கோணிப் போச்சு. வெளிய எங்கயோ ஆடித் திருவிழா மேளம் கேட்டுட்டே இருந்துச்சு. அப்பா நாகலூர்லருந்து வந்திருந்தாரு, 74 வயசு, கைல காப்பித்தூள் பொட்டலம், சிஸ்டருங்களுக்குன்னு. ஒரு மணி நேரமா என் கட்டில் பக்கத்துல ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தவரு, நைட் டூட்டி சிஸ்டர் பிபி பாக்க வந்ததும் எழுந்து நின்னு கையக் கும்புட்டாரு.

"அம்மா, நாளைக்கு எம்பொண்ணுக்கு என்னென்ன நடக்கும்னு வரிசையா சொல்லுங்கம்மா. காலைல எழுப்பறதுலருந்து. முன்னாடியே தெரிஞ்சா அவ தாங்கிக்குவா."

அந்தப் பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். இன்னும் எத்தனையோ பெட்டு பாக்கணும் அவளுக்கு. ஆனாலும் சொன்னா. "அக்கா, நாலரைக்கு எழுப்புவோம். இன்னொரு குளியல், பச்சை கவுன், தாலி கொலுசு எல்லாம் கழட்டி வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடணும். ஒரு மாத்திரை தருவோம், கொஞ்சம் மயக்கமா இருக்கும். தியேட்டர் ரொம்ப குளிரும், பயத்துல நடுங்கறோம்னு நெனச்சுக்காதீங்க, அது ஏசி. கைல ஊசி போடறது மட்டும்தான் உங்களுக்கு தெரியும். அப்பறம் முழிக்கறப்ப ஐசியூ. தொண்டைல குழாய் இருக்கும், பேச வராது, குரல் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க, குழாய் எடுத்ததும் வந்துரும். குழாய இழுத்துடக் கூடாதுன்னு கைய மெதுவா கட்டியிருப்போம். மூச்ச மிசின் குடுக்கும், அதோட சண்டை போடாதீங்க, அது குடுக்கறப்ப வாங்கிக்கோங்க. தண்ணி தாகம் உயிர் போற மாதிரி இருக்கும், கேட்டாலும் தர மாட்டோம், பஞ்சுல நனைச்சு உதட்டுல வெப்போம். வயித்துக்கு மேல ரெண்டு டியூப் இருக்கும், ரெண்டு மூணு நாள்ல எடுப்போம், எடுக்கறப்ப சுள்ளுனு ஒரு வலி, பத்து எண்ணுங்க, முடிஞ்சிரும்."

நான் அப்பாவ பாத்தேன். அவரு சிஸ்டர் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் மெதுவா தலையாட்டிட்டு, கைய எங்கட்டில் கம்பி மேல வெச்சிருந்தாரு.

அப்பறம் நானும் எம்பொண்ணும் கைசாடை பேசி வெச்சுக்கிட்டோம். ஒரு தடவ கைய அழுத்தினா ஆமா, ரெண்டு தடவன்னா இல்ல, உள்ளங்கைல வட்டம் போட்டா தண்ணி. பயம் போயிருச்சான்னு கேட்டா போகல. எழுப்பறப்ப முழிச்சேதான் இருந்தேன். ஆனா அது என் கைக்கு அடங்கற அளவுக்கு வந்திருந்துச்சு, ஒவ்வொண்ணா வரட்டும்னு இருந்துச்சு. நாலரைக்கு எழுப்பினாங்க. குளியல். பச்சை கவுன். கொலுச கழட்டி அவரு கைல குடுத்தப்ப அத மூடுன கைய அவரு தொறக்கவே இல்ல. ஸ்ட்ரெச்சர்ல மேல ஓடற லைட்டுங்கள எண்ணிட்டே போனேன். தியேட்டர்ல பல்லு கிட்டிச்சு, ஏசிதான்னு சொல்லிக்கிட்டேன். மயக்க டாக்டர் மாஸ்க்குக்கு மேல கண்ணால சிரிச்சு, "தலைமாட்டுலதாம்மா இருக்கேன்"னாரு. அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல. கனவு கூட இல்ல.

முழிச்சப்ப தொண்டைல குழாய். ஒரு நிமிசம் மூச்சு முட்டுது, கை அசையல, செத்துட்டனான்னு திக்குன்னு ஆச்சு. அடுத்த நொடியே அந்த நைட் டூட்டி சிஸ்டர் கொரல் ஞாபகம் வந்துருச்சு, மிசினோட சண்டை போடாதீங்க அக்கா, குடுக்கறப்ப வாங்கிக்கோங்க. வாங்கினேன். வந்துச்சு. மறுபடி வாங்கினேன். எங்கயோ டிக் டிக்னு கேட்டுச்சு, மிசின் சத்தம்னு நெனச்சேன். யாரோ விரல புடிச்சாங்க, உள்ளங்கைல வட்டம் போட்டேன். எம்பொண்ணு இல்ல அது, ஐசியூ சிஸ்டரு, அவங்களுக்கு எங்க கைசாடை தெரியாது, ஆனாலும் பஞ்ச நனைச்சு உதட்டுல வெச்சாங்க.

வலிய பத்தி சுருக்கமா சொல்றேன். வெட்டின எடம் நெனச்ச அளவுக்கு இல்ல, எலும்ப ஸ்டீல் கம்பி போட்டு கட்டியிருப்பாங்க. இருமறப்பதான் உயிர் போகும், தலகாணிய நெஞ்சோட இறுக்கி கட்டிக்கிட்டு இருமினா பாதி வலி கொறையும், தலகாணிய வீட்லருந்தே கொண்டு போங்க. மூணு பந்து இருக்கற டப்பாவுல மூச்ச இழுத்து பந்த தூக்கச் சொல்வாங்க, சோம்பேறித்தனம் பண்ணாம ஊதாம இழுங்க, சளி கட்டாம காப்பாத்தறது அதுதான். முதுகும் தோளும் வலிக்கும்னு மட்டும் யாரும் எனக்கு முன்னாடி சொல்லல, அது ஒரு வாரம் பாடா படுத்துச்சு. காரணமே இல்லாம அழுகை வரும், அதுவும் சாதாரணம்தானாம். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் பாத்துட்டே இருக்கணும், கீரை அந்த மாத்திரையோட வேலைய கொறைக்கும், அதுக்காக கீரைய விட்டுட வேண்டாம், ஆனா ஒரு நாள் கட்டு கட்டா ஒரு நாள் சுத்தமா இல்லாமன்னு சாப்பிடக் கூடாது.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மல்லாந்துதான் படுக்கணும். கன்னங்குறிச்சில ராத்திரி பதினோரு மணிக்கு மேல சத்தமே இருக்காது, அன்னைக்கு கரண்ட் வேற போய் பேனும் நின்னுருச்சு. அப்பதான் தெளிவா கேட்டுச்சு. டிக், டிக், டிக். என் நெஞ்சுலருந்து, சட்டைப் பைக்குள்ள வாட்ச்சு வெச்ச மாதிரி. எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சு இருட்டுல கண்ண தொறந்துட்டு படுத்திருந்தேன். பக்கத்துல கீழ பாய்ல அவரு அசையாம கெடந்தாரு.

"தூங்கலீங்களா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்ல.

"எண்ணிட்டு இருந்தேன்"னாரு. "நீ பேசினதுல விட்டுப் போச்சு. பரவால்ல, மறுபடி மொதல்லருந்து எண்ணிக்கறேன்."